உலைக்களத்தில் ஒரு சிக்கனக்காரர்

புகைபோக்கிகளை எண்ணித் தேசத்தின் செல்வத்தை மதிப்பிடும் வழக்கம் ஒரு காலத்தில் எல்லா நாடுகளிலும் இருந்தது. வானத்தைக் கருக்கும் புகையைக் கண்டவர்கள், அங்கே வேலை நடக்கிறது, கூலி கிடைக்கிறது, சரக்கு உற்பத்தியாகிறது என்று மகிழ்ந்தார்கள். அந்தப் புகையோடு மேலே போவது காசு என்பதை உரக்கச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் வில்லியம் ஸீமன்ஸ் என்னும் இஞ்சினீயர். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் தொழில் செய்து, 1883-ம் வருஷத்தில் காலஞ்சென்ற இவரைப் பற்றி நம் நாட்டில் அதிகமாகப் பேசுவார் இல்லை. ஸீமன்ஸ் என்றவுடன் மின்சார யந்திரங்கள் செய்யும் ஜெர்மானியக் கம்பெனியும், அதை ஸ்தாபித்தவரான தமையனார் வெர்னருமே நினைவுக்கு வருகிறார்கள். தம்பியின் வேலை வேறு. எரிக்கிற நிலக்கரியில் எவ்வளவு பங்கு காரியத்துக்கு உதவுகிறது, எவ்வளவு பங்கு வீணாகிறது என்ற ஒரே கேள்வியை அவர் நாற்பது வருஷ காலம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆலைகளில் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவது ஒரு முயற்சி. ஆலைகள் கக்கும் கரியமில வாயுவை ஒழிப்பது மற்றொரு முயற்சி. சர்க்கார் அறிக்கைகளும் கம்பெனி அறிக்கைகளும் இன்று இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. இவை உடன்பிறந்தவை என்பது மெய்தான், ஆயினும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு இரும்புத் தொழிலுக்குத் திட்டம் வகுக்கும் தேசம் பின்னால் பெரும் விலை கொடுக்க நேரிடும் என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் ஸீமன்ஸின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹானோவர் நகருக்கு அருகிலுள்ள லெந்தே கிராமத்தில் 1823-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி அவர் பிறந்தார். பதினேழு வயது நிரம்புவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பெரிய குடும்பம், கையில் பொருள் இல்லை. கெட்டிங்கன் சர்வகலாசாலையில் ஒரு வருஷம் படித்துவிட்டு, மாக்டபர்க் நகரில் ஒரு யந்திரசாலையில் தொழில் பழகினார். தமையனார் கண்டுபிடித்த மின்சார முலாம் பூசும் முறையை விற்று வரும் பொருட்டு, 1843-ம் வருஷத்தில், பத்தொன்பதாவது வயதில், லண்டன் மாநகரில் வந்து இறங்கினார். இங்கிலீஷ் பாஷை சரியாகத் தெரியாது. தெருத்தெருவாய்த் திரிந்து பார்த்தவர், ஒரு கடையின் மேல் 'அண்டர்டேக்கர்' என்று எழுதியிருந்த பலகையைக் கண்டார். 'மேற்கொள்பவர்' என்று அச்சொல்லுக்குப் பொருள் செய்துகொண்டு, புதிய கருவிகளை மேற்கொண்டு நடத்தித் தருபவர் இவரே போலும் என்று உள்ளே நுழைந்தார். அது பிரேத அடக்கத்துக்கு வேண்டிய சாமான்களை ஏற்பாடு செய்யும் கடை! பிற்காலத்தில் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு. எப்படியோ பர்மிங்காமிலிருந்த எல்கிங்டன் என்பாரைக் கண்டு, அந்த முறையை 1,600 பவுனுக்கு விற்றார்.

அக்காலத்தில் உஷ்ணத்தைப் பற்றிய சாஸ்திரம் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. உஷ்ணமும் வேலையும் ஒரே சக்தியின் இரண்டு வடிவங்கள், ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம், அதற்குத் திட்டமான கணக்கு உண்டு என்று மான்செஸ்டரில் ஜூல் என்ற அறிஞர் பரிசோதனைகளால் நிரூபித்து வந்தார். தொழிற்சாலைக்காரர்களில் பெரும்பாலோர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸீமன்ஸ் போட்டுக்கொண்டார். நீராவி யந்திரத்தில் எரியும் கரியின் சக்தியில் மிகச் சிறிய பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது, மற்றதெல்லாம் வெந்நீராகவும் வெறும் ஆவியாகவும் போய்விடுகிறது என்று கணக்கிட்டு, போகிற உஷ்ணத்தைப் பிடித்து வைத்து மறுபடியும் உபயோகிக்கும் யந்திரம் ஒன்றை 1847-ல் போல்ட்டன் நகரில் செய்து பார்த்தார். கல்வியாளர்கள் மெச்சினார்கள், கலைச் சங்கத்தார் 1850-ல் தங்கப் பதக்கம் அளித்தார்கள். யந்திரமோ தொழிலுக்கு உதவவில்லை. உலோகம் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. பல வருஷம் பணமும் உழைப்பும் அதில் கரைந்தன. தண்ணீர்க் குழாயில் ஓடும் நீரை அளக்கும் மீட்டர் ஒன்றை 1851-ல் செய்தார். அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

உலோகம் தாங்காததைச் செங்கல் தாங்கும் என்ற யோசனை இளைய சகோதரர் பிரெடரிக்குக்கு உதித்தது. 1856-ம் வருஷத்தில் அதற்குப் பேட்டண்ட் பெறப்பட்டது. விஷயம் மிகவும் எளிது. கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பைப் பார்த்தவர்களுக்கு, தவலையில் ஏறும் சூட்டைக் காட்டிலும் பக்கங்களில் அடிக்கும் அனலே அதிகம் என்பது தெரியும். உலையிலும் அப்படியே. எஃகு உருகும் உலையில் 1,500 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறும் புகையும் ஏறக்குறைய அதே சூட்டோடுதான் புகைபோக்கிக்குள் போகும். போகும் வழியில் ஓர் அறை கட்டி, அதனுள் நெருப்புக்கு அசையாத செங்கற்களை இடைவெளி விட்டுச் சதுரங்கக் கட்டம் போல் அடுக்கி, புகையை அதன் வழியாகச் செலுத்தினால், செங்கல் சூட்டை வாங்கிக்கொள்ளும்; புகை ஆறிப் போய் வெளியேறும். சுமார் அரை மணி நேரம் கழித்து வழியைத் திருப்பிவிடவேண்டும். இப்போது உலைக்குள் செல்லும் குளிர்ந்த காற்று, பழுக்கக் காய்ந்த அந்தச் செங்கற்களின் நடுவே புகுந்து சூடேறி உள்ளே வரும். புகையோ மற்றொரு அறையைக் காய்ச்சிக்கொண்டு போகும். இவ்வாறு மாறி மாறி நடக்கும். வெளியே போகவேண்டிய உஷ்ணம் வாசலிலேயே தடுக்கப்பட்டு, மறுபடி வேலைக்கு அனுப்பப்படுகிறது. இத்தத்துவத்தை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-லேயே சொல்லியிருந்தார். அதைக் கொண்டு ஒரு பெருந்தொழிலையே மாற்றலாம் என்று காட்டியவர்கள் ஸீமன்ஸ் சகோதரர்கள்.

கரியைக் கட்டியாக உலைக்குள்ளேயே எரித்தபோது சாம்பலும் தூசியும் செங்கல் அறைகளை அடைத்தன. கரியைத் தனியிடத்தில் அரைகுறையாக எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவைக் குழாய் மூலம் கொண்டுவந்து உலையில் எரிக்கும் ஏற்பாட்டை 1861-ல் வில்லியம் செய்து முடித்தார். மட்டமான தூள் கரியும் இதற்குப் போதும் என்பது பெரிய லாபம். கண்ணாடி உலைகளே முதன்முதலில் இதைக் கைக்கொண்டன. மறு வருஷம், 1862-ம் ஜூன் 20-ந் தேதி, மைக்கேல் பாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தமது கடைசி வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மின்சாரச் சாஸ்திரத்தின் பிதாமகரான அவர், மேடையை விட்டு இறங்குமுன் எடுத்துக்கொண்ட விஷயம் ஸீமன்ஸின் வாயு உலை. இதைக் காட்டிலும் ஒரு தொழிலாளி இஞ்சினீயருக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

இரண்டொரு கணக்கைக் கேளுங்கள். ஒரு டன் எஃகை உருக்குவதற்கு அவசியமான உஷ்ணம் ஏறக்குறைய 50 கிலோ நிலக்கரியில் அடங்கியிருக்கிறது. ஷெபீல்டு நகரத்துக் கொல்லர்கள் மூசைகளில் எஃகு உருக்கிய பழைய முறையிலோ டன் ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று டன் வரை கோக் கரி செலவாயிற்று. அதாவது ஐம்பது அறுபது பங்கு எரித்து ஒரு பங்கு பயன் பெற்றார்கள். ஸீமன்ஸின் திறந்த அடுப்பு உலையில் சுமார் 12 ஹண்டர்வெயிட், அதாவது 600 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தூள் கரி போதுமானதாயிற்று. முன்னே எரித்ததில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்தத் திறந்த அடுப்பு உலையில் முதலில் நல்ல எஃகு எடுத்துக் காட்டியவர் பியேர் எமில் மார்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர். ஸீமன்ஸின் உலையை வாங்கி, பழைய இரும்புத் துண்டுகளையும் வார்ப்பிரும்பையும் கலந்து உருக்கி, 1865-ஐ ஒட்டி அவர் வெற்றி கண்டார். அவருக்குச் சேரவேண்டிய பெயரை நாம் மறைக்க விரும்பவில்லை. ஸீமன்ஸ் தாமே இரும்புத் தாதுவையும் வார்ப்பிரும்பையும் சேர்த்து எஃகு செய்யும் வழியைக் கண்டு, வேல்ஸ் தேசத்தில் ஸ்வான்ஸி துறைமுகத்தை அடுத்த லாண்டோர் என்ற இடத்தில் 1869-ல் பெரிய ஆலை நடத்தத் தொடங்கினார். முழுவதும் எஃகினால் கட்டப்பட்ட முதல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'ஐரிஸ்' லாண்டோர் எஃகினால் ஆனது. பணக் கணக்கில் லாண்டோர் அவருக்கு நஷ்டமே. ஆனால் அந்த உலை உலகெங்கும் பரவிற்று. ஜாம்ஷெட்பூரில் 1912-ம் வருஷம் பிப்ரவரியில் டாட்டா ஆலையில் முதன்முதலாக வார்க்கப்பட்ட எஃகும் திறந்த அடுப்பு உலையிலிருந்து வந்ததே. ஸீமன்ஸ் சகோதரர்களின் மற்றொரு கைவேலையும் நம்மைத் தொட்டது. லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குத் தந்தி ஓடும்படி 1870-ல் முடிந்த இந்தோ-ஐரோப்பியத் தந்தி மார்க்கம் அவர்கள் அமைத்தது. நம்மை ஆண்டவர்களுக்கு அதிலும் எவ்வளவு சிக்கனம் பாருங்கள்: மாதக்கணக்கில் கப்பலில் வந்த உத்தரவு அன்றே வந்து சேர்ந்தது!

இதுவரையில் சிக்கனத்தின் புகழைப் பாடினோம். இனி அதன் மறுபக்கம்.

மார்த்தேன் எஃகு எடுத்த அதே 1865-ல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார நிபுணர் நிலக்கரிப் பிரச்னையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிக்கனமாக எரித்தால் கரி மிச்சமாகும் என்பது மயக்கம், சிக்கனமே செலவைப் பெருக்கும் என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு ஸ்காட்லாந்தைக் காட்டினார். ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றை ஊதாமல் சூடான காற்றை ஊதும் முறையை நீல்ஸன் என்பவர் 1828-ல் கண்டுபிடித்ததன் பயனாக, டன் இரும்புக்குச் செலவான கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1830-க்கும் 1863-க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் மொத்தக் கரிச் செலவோ பத்து மடங்கு ஏறியது. இரும்பு மலிந்தது, மலிந்ததால் எல்லாரும் வாங்கினார்கள், வாங்கியதால் உலைகள் பெருகின.

எரிபொருளில் பெரும் பகுதியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஸீமன்ஸ் 1873-ல் பிராட்போர்டு நகரத்துத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தார். அவர் சொன்ன உபாயங்கள் அநேகமாக எல்லாம் நடைமுறைக்கு வந்தன. அந்த வருஷம் பிரிட்டன் வெட்டியெடுத்த நிலக்கரி சுமார் 13 கோடி டன். நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1913-ல், அது 28 கோடியே 70 இலட்சம் டன். ஜெவன்ஸ் சொன்னது பலித்ததா இல்லையா? சிக்கனத்தைப் பழிப்பது நம் நோக்கமல்ல. சிக்கனம் இல்லாவிட்டால் அந்த இரும்பையெல்லாம் செய்ய இன்னும் பல மடங்கு கரி வேண்டியிருக்கும், அல்லது அந்த இரும்பே கிடைத்திராது. டன் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைவது வேறு, தேசம் எரிக்கும் மொத்தம் குறைவது வேறு என்பதையே வற்புறுத்துகிறோம்.

இதற்கு மேல் ரசாயனத் தடை ஒன்றும் உண்டு. இரும்புத் தாது என்பது இரும்பும் பிராணவாயுவும் பிணைந்த பொருள். ஊதுலையில் கரி சூட்டுக்கு மட்டும் பயன்படுவதில்லை. பிராணவாயுவைத் தாதுவிலிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வெளியேறுவதும் அதன் வேலை. அப்படி வெளியேறுவதே கரியமில வாயு. எத்தனை செங்கல் அறை கட்டினாலும் இந்த வேலைக்கு வேண்டிய கரியை ஒழிக்க முடியாது. இன்று உலகத்தில் ஒரு டன் எஃகுக்குச் சராசரி 1.9 டன் கரியமில வாயு வெளிவருகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 190 கோடி டன் எஃகு செய்யும் உலகில் இதன் பொருள் என்னவென்று வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸீமன்ஸை நாம் பெரிதும் மதிப்பது, உலையைச் சீர்திருத்தியதோடு அவர் நின்றுவிடாததனால்தான். 1876-ல் அமெரிக்கா சென்று நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்தார். கவிஞர்கள் பாடிய இடத்தில் அவர் கணக்குப் போட்டார். மணிக்கு 10 கோடி டன் நீர் 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் பலம் 1 கோடியே 68 இலட்சம் குதிரைச் சக்தி. நீராவியால் அந்தப் பலத்தைப் பெறவேண்டுமானால் ஆண்டுக்கு 26 கோடியே 60 இலட்சம் டன் கரி வேண்டும். உலகம் முழுவதும் அப்போது வெட்டியெடுத்த கரி அவ்வளவுதான்! மறு வருஷம் இரும்பு எஃகுச் சங்கத்தின் தலைவராக நின்று இதைச் சொன்னார். மூன்று அங்குலக் கனமுள்ள செப்புத் தண்டின் வழியாக ஆயிரம் குதிரைச் சக்தியை முப்பது மைலுக்கு மின்சாரமாகக் கொண்டுபோகலாம் என்றார். இரும்பு முதலாளிகள் கூடிய சபையில் இப்பேச்சு கனவு போல் ஒலித்திருக்கும். 1896-ல் நயாகராவின் மின்சாரம் பபலோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

1879-ஐ ஒட்டி மின்சார வில்லின் வெப்பத்தால் எஃகு உருக்கும் சிறு மூசை ஒன்றைச் செய்து, சில ராத்தல் எஃகை உருக்கியும் காட்டினார். அது தொழிலுக்கு உதவ இருபது வருஷம் பிடித்தது. மின்சாரம் மலிய வேண்டியிருந்தது. வீட்டு அடுப்புகளின் புகையால் லண்டன் மூச்சுத் திணறுவதைக் கண்டு, வாயுவும் கோக் கரியும் எரிக்கும் அடுப்பு ஒன்றை வகுத்து, பேட்டண்ட் எடுக்காமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். சூரியனையும் அவர் விடவில்லை. அது வெளியிடும் சக்தி வீணாகாமல் திரும்பத் திரும்பச் சூரியனுக்கே வந்து சேருகிறது என்று 1882-ல் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். வான சாஸ்திரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பகவான் தம்முடைய உலையை இவ்வளவு ஊதாரித்தனமாகக் கட்டியிருப்பாரா என்ற சந்தேகம் ஒரு சிக்கனக்காரருக்கு வந்தது இயற்கைதானே! 1883 செப்டம்பரில் அயர்லாந்தில் நீர்ச் சக்தியால் ஓடும் மின்சார டிராம் பாதையின் திறப்பு விழா நடந்தது. அதுவும் அவர் முன்னின்று செய்த வேலை. அவ்வருஷம் நவம்பர் 19-ந் தேதி காலமானார்.

ஆகவே ஒரே மனிதருடைய வாழ்க்கையில் இரண்டு வழிகள் இருந்தன. கரியைக் குறைவாக எரிக்கும் வழி ஒன்று. கரியை விட்டுவிடும் வழி மற்றொன்று. முதல் வழியை அவர் காலத்து உலகம் உடனே ஏற்றுக்கொண்டது, லாபம் கையோடு கிடைத்தமையால். இரண்டாவது வழியில் இப்பொழுதுதான் காலெடுத்து வைக்கிறது.

லாண்டோரிலிருந்து சுமார் பத்து மைல் தூரத்தில் போர்ட் டால்பட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய எஃகு ஆலை 2007 முதல் டாட்டாவுக்குச் சொந்தம். 2024-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி அதன் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. அதே தினத்தில் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்சார நிலையமும் மூடப்பட்டது. ஊதுலை இருந்த ஊரில் பழைய இரும்பை உருக்கும் மின்சார வில் உலை எழுப்புவதற்கு 2025 ஜூலையில் வேலை தொடங்கிற்று. நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன் ஸீமன்ஸ் மூசையில் காட்டியதன் வளர்ச்சியே அது. இந்த மாறுதலில் 2,800 பேருக்கு வேலை போகும் என்று கம்பெனியே அறிவித்தது. கரியமில வாயுவைக் குறைத்த கணக்கை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

அதற்குப் பத்து நாள் முன்னதாக, செப்டம்பர் 20-ந் தேதி, அதே டாட்டா கம்பெனி ஒடிஸாவில் கலிங்கநகரில் இந்தியாவிலேயே பெரிய ஊதுலையை ஏற்றி வைத்தது. அங்கே அணைந்தது இங்கே எரிகிறது என்று சிலர் ஏளனம் செய்யக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது. இரண்டு நூற்றாண்டு காலம் கரியை எரித்துப் பாலமும் ரயிலும் கப்பலும் நிரம்பக் கட்டிக்கொண்ட நாட்டில் உருக்குவதற்குப் பழைய இரும்பு மலைபோல் கிடக்கிறது. நம் நாட்டில் ஆள் ஒன்றுக்கு எஃகுச் செலவு உலக சராசரியில் பாதியளவே. இல்லாத பழைய இரும்பை எப்படி உருக்குவது? பாலம் கட்ட வேண்டாமா, வீடு கட்ட வேண்டாமா? இந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய யூனியன் இறக்குமதி எஃகின் மேல் கரி வரி விதிக்க முற்பட்டபோது நம்மவர்கள் கோபித்துக்கொண்டதும் இந்த நியாயம் பற்றியே.

ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதனால் கணக்கு மாறிவிடாது. இந்திய எஃகு டன் ஒன்றுக்குச் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளிவிடுகிறது. நம் நாட்டில் மின்சார உலைகள் குறைவல்ல; அவற்றிலிடும் ஸ்பாஞ்சு இரும்பு பெரும்பாலும் நிலக்கரியால் செய்தது, அவற்றுக்கு வரும் மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரியால் வருவது. சக்திச் சிக்கனத்துக்கு இந்திய சர்க்கார் 2012-ல் ஒரு திட்டம் தொடங்கி, ஒவ்வோர் ஆலைக்கும் டன் கணக்கில் இலக்கு விதித்து, மிஞ்சினவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது. நல்ல திட்டம். ஸீமன்ஸ் இருந்தால் மெச்சியிருப்பார். அந்த வருஷம் இந்தியா செய்த எஃகு 7 கோடியே 70 இலட்சம் டன்; 2024-ல் 15 கோடி டன்னை நெருங்கிவிட்டது. டன்னுக்குக் குறைந்தது, மொத்தத்தில் கூடிற்று. ஜெவன்ஸ் ஸ்காட்லாந்தில் கண்ட காட்சியை நாம் நம் நாட்டிலேயே காண்கிறோம். இனி எஃகு ஆலைகளின் கொள்திறனை 30 கோடி டன்னாக உயர்த்துவது சர்க்காரின் கொள்கை.

வேறு வழி இல்லாமலில்லை. ஸ்வீடன் தேசத்தில் லூலியோ நகரில் கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து 2021-ல் இரும்பு எடுத்தார்கள். அங்கே உலையிலிருந்து வெளிவருவது தண்ணீர். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். ஸ்வீடனுக்கு ஆறுகள் கொடுக்கின்றன, நமக்குச் சூரியனும் காற்றும் கொடுக்கவேண்டும். செலவு இன்று அதிகம். ஸீமன்ஸின் மின்சார மூசைக்கும் அன்று செலவு அதிகமாகத்தான் இருந்தது. ஊதுலைக்கு உட்செங்கல் ஒரு முறை அடுக்கிவிட்டால் பதினைந்து இருபது வருஷம் அதை யாரும் அணைக்கமாட்டார்கள். இந்தப் பத்து வருஷங்களில் நாம் எந்த உலையைக் கட்டுகிறோமோ அதுவே நம் பிள்ளைகள் நடுவயதை அடையும் வரை எரிந்துகொண்டிருக்கும். 2070-க்குள் கரியமில வாயுவைச் சரிக்கட்டிவிடுவதாக 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா கொடுத்த வாக்கு நிறைவேறுவதும் நிறைவேறாததும் அந்தத் தேர்வைப் பொறுத்தது. கலிங்கநகர் விஸ்தரிப்பு வருஷத்துக்கு 50 இலட்சம் டன் எஃகுக்காகச் செய்யப்பட்டது. பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்குவதற்கு அதே கம்பெனி லூதியானாவில் 2023-ல் பூமி பூஜை போட்டுத் தொடங்கிய ஆலையின் அளவு ஏழரை இலட்சம் டன்.